ஸ்னோமொபைல்: டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பனிமேல் ஓட்டுகிற இந்த ஸ்னோமொபைல் வண்டியில் நான் ஃபோர்-ஸ்ட்ரோக் கட்சி. என்னிடம் இருப்பது ஸ்கீ-டூ வண்டி, ரோடாக்ஸ் 900 ஏஸ் என்ற ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. வாங்கும்போது கடைசிவரை போட்டியில் நின்றது அதே கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக்கான 600ஆர் இ-டெக். அது கூட வேலை பார்க்கும் நண்பரிடம் இருக்கிறது, அவ்வப்போது வண்டியை மாற்றி ஓட்டுவோம். அதனால் பெரும்பாலும் இந்த இரண்டு இன்ஜின்களை வைத்துத்தான் பேசப்போகிறேன். இருக்கும் ஊர் வடக்கு ஒன்டாரியோவில் சட்பரி. டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து மார்ச் நடுவரை, உறைந்த ஏரிகளிலும் சீர்செய்த காட்டுப்பாதைகளிலும் ஓட்டம். மலைப்பனியில் ஓட்டுபவர்களுக்கு இதே கேள்விக்கு வேறு பதில் இருக்கலாம்.

ஊரில் ஆர்எக்ஸ்100 ஒருபக்கம், ஹீரோ ஹோண்டா இன்னொரு பக்கம் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடிப்படை வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிவது டூ-ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவது ஃபோர்-ஸ்ட்ரோக். ஆனால் இன்றைய ஸ்னோமொபைல் டூ-ஸ்ட்ரோக் அந்தக் காலத்துப் புகை கக்கும் வண்டி அல்ல. கார்புரேட்டர் காலத்தில் புதிதாக உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போய்விடும். 2009 மாடலில் வந்த இ-டெக், பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள், எக்ஸாஸ்ட் துளை மூடும் நேரம் பார்த்துப் பீய்ச்சுகிறது. அதோடு நீலப்புகை அநேகமாக ஒழிந்தது. புகை என்ற ஒரே காரணத்துக்காக டூ-ஸ்ட்ரோக்கை ஒதுக்குபவர்கள் பழைய வண்டியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். வாசனை மட்டும் இன்னும் இருக்கிறது. வரிசையாகப் போகும்போது பின்னால் வருபவர் அதைச் சுவாசித்துக்கொண்டேதான் வரவேண்டும். வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்ட கோட்டிலும் அது ஒட்டியிருக்கும்.

மற்ற வழக்கமான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சக்தியில் டூ-ஸ்ட்ரோக்தான் மேலே. 600ஆர் 125 குதிரைத்திறன், டர்போ இல்லாத 900 ஏஸ் 95 பக்கம். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் முன்பக்கம் லேசாகத் தூக்குகிற அந்தச் சுகம் என் வண்டியில் கிடையாது. ஆனால் ஒன்டாரியோ பாதைகளில் சட்டப்படி வேக வரம்பே மணிக்கு 50 கிலோமீட்டர்தான். எடையில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஏறக்குறைய இருபது கிலோ கூடுதல், அதுவும் மூக்குப் பக்கம். பெட்ரோல் கொஞ்சம் மிச்சம். சத்தம் நன்றாகவே குறைவு. ஆக்சிலரேட்டரை விட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் தானே வேகத்தைப் பிடித்து இழுக்கும், டூ-ஸ்ட்ரோக் வழுக்கிக்கொண்டே போகும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக் கை வலித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பின்னால் எடுக்கும் விஷயத்தில் டூ-ஸ்ட்ரோக்கை ரசிக்காமல் இருக்க முடியாது. அந்த இன்ஜின் எந்தத் திசையில் சுற்றினாலும் ஓடும். அதனால் ரிவர்ஸ் கியர் என்று தனியாக எதுவும் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் இன்ஜின் நிற்கப்போவதுபோல் தணிந்து, சரியான நொடியில் தீப்பொறி விழுந்து, எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வால்வும் அதைத் திறந்து மூடுகிற கேம் தண்டும் இருப்பதால் இந்த வித்தை நடக்காது. தனியாகப் பல்சக்கரம் போட்டுத்தான் ஆகவேண்டும், அதற்கும் எடை.

சரி, என்னை ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் தள்ளிய விஷயத்துக்கு வருகிறேன். வண்டி பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அது. மற்ற எல்லாவற்றையும் அவரவர் ருசி என்று விட்டுவிடலாம், இது பணம்.

இங்கே ஓரளவு ஆர்வமாக ஓட்டுபவர் ஒரு சீசனில் இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் போய்விடுவார். நாலைந்து குளிர்காலத்தில் மீட்டர் பத்தாயிரத்தைத் தொடும். செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களைப் பார்த்தால் அந்த எண்ணில்தான் இரண்டு இன்ஜின்களும் பிரிகின்றன. டூ-ஸ்ட்ரோக் வண்டியென்றால் கேட்கிற முதல் கேள்வி, "மேல்பக்க வேலை பார்த்தாச்சா?" பிஸ்டனும் ரிங்கும் மாற்றியாகிவிட்டதா என்று அர்த்தம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்தக் கேள்வி வராது. ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள்.

காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரிலேயே துளைகள். ரிங்குகள் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துளைகளின் விளிம்பை உரசிக் கடக்கவேண்டும். நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. உயவுக்குக் கிடைப்பது பம்ப் அளந்து விடுகிற கொஞ்சம் ஆயில், அதுவும் வேலை முடிந்ததும் எரிந்து வெளியே போய்விடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் உள்ளேயே சுற்றிச்சுற்றி வருகிறது, சுவரில் துளை கிடையாது, வெடிப்பும் பாதி. தேய்மானம் மெதுவாக வருவதில் ஆச்சரியமில்லை. 2003 மாடலாக வந்த யமஹா ஆர்எக்ஸ்-1, தன் இன்ஜினை அந்தக் கம்பெனியின் ஆர்1 பைக்கிலிருந்து எடுத்துக்கொண்ட வண்டி. அதற்குப் பின்னால் வந்த யமஹா ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியும் இன்ஜினைத் திறக்காமலே ஓடுவது இந்தப் பக்கம் யாருக்கும் அதிசயமில்லை.

நான் பார்க்கப்போன டூ-ஸ்ட்ரோக் ஒன்றைச் சொல்கிறேன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி, சீட்டில் ஒரு கிழிசல் இல்லை. நாங்கள் போவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். பக்கத்துத் தகட்டைத் திறந்து கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று நாங்கள் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். நண்பர் ஒன்றும் சொல்லாமல் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் கேஜை மாட்டினார். ஒரு சிலிண்டரில் முள் 125-ல் நின்றது, அடுத்ததில் 105-ஐத் தாண்டவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே சந்தேகப்படவேண்டும். அப்புறம் எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள், வெளிச்சம் பட்டதும் பளபளத்தன.

அவர் ஏமாற்றுக்காரர், வண்டி மட்டம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அந்த வயதில் டூ-ஸ்ட்ரோக்குக்கு வருகிற வேலைதான் அது. பிரச்சினை, எப்போது வரும் என்று சொல்ல முடியாததில் இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் நன்றாகச் சூடாகவிட்டு ஓட்டினாரா, நல்ல ஆயில் ஊற்றினாரா, கோடைக்கு மூடி வைக்கும்போது உள்ளே ஆயில் பீய்ச்சி வைத்தாரா என்பதைப் பொறுத்து எட்டாயிரத்திலும் வரும், பதினைந்தாயிரத்திலும் வரும். கடையில் விசாரித்தபோது பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு டாலருக்குக் குறையாது என்றார்கள். வாங்குகிறவர் அந்த ஆயிரத்து ஐநூறை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் பேரத்தை ஆரம்பிக்கிறார். வேலை ஏற்கெனவே பார்த்திருந்தாலும், "யார் பார்த்தது, பில் எங்கே?" என்று இன்னொரு சுற்று ஓடும். ஷோரூமில் பக்கத்துப் பக்கத்து விலையில் நின்ற இரண்டு வண்டிகள், பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு கை மாறும்போது ஒரே இடத்தில் நிற்பதில்லை.

இதோடு தினப்படி ஆயில் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல சிந்தெடிக் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஒரு கேலன் டப்பா எழுபது டாலர் பக்கம் வருகிறது, நண்பர் வண்டி ஒரு சீசனில் சில டப்பாக்களைக் குடித்துவிடும். தூரமாகப் போனால் பையில் ஒரு டப்பா இருந்தே ஆகவேண்டும். என் வண்டிக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும், கதை முடிந்தது. பெல்ட், கிளட்ச், கீழே ஓடும் ரப்பர் டிராக், ஸ்கீ அடியில் தேய்கிற கம்பிகள் எல்லாம் இருவருக்கும் ஒரே செலவு, அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கு நிறைய ஓட்டுபவருக்குத்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வருஷத்துக்கு எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மூன்று வருஷத்தில் மாற்றிவிடுகிற பழக்கம் இருந்தால் டூ-ஸ்ட்ரோக்கும் நல்ல விலைக்கே போகும். அந்தத் தேய்மானத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் சுகமாக ஓட்டிவிட்டுப் போகலாம்.

குறைந்த தூரம் ஓட்டுபவருக்கு ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வேறொரு தொல்லை உண்டு. வீட்டிலிருந்து ஏரிமேல் போட்டிருக்கும் மீன்பிடிக் குடிசைக்கு இரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் திரும்ப இரண்டு. இவ்வளவுதான் ஓட்டம் என்றால் கடுங்குளிரில் இன்ஜின் சரியாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் இறங்கும். ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும், மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் ஏதோ படிந்திருக்கும். அப்படி ஓட்டுபவர் ஆயிலை அடிக்கடி மாற்றவேண்டும், அல்லது வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணிநேரம் தொடர்ந்து ஓட்டவேண்டும்.

பேட்டரி அடுத்தது. மைனஸ் முப்பதில் பேட்டரி படுத்துவிட்டால் என் வண்டியில் செய்வதற்கு ஒன்றுமில்லை, இழுக்கக் கயிறு கிடையாது. நண்பரின் 600ஆர் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் கிளம்பிவிடும். அதனால் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைக் கோட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். வண்டிப் பெட்டியில் வைத்தால் அதுவும் குளிரில் சோர்ந்துபோகும்.

ரிப்பேரிலும் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் அதன் மேல்பாதியை வீட்டு கராஜிலேயே வாரக்கடைசியில் பிரித்துக் கோத்துவிடுவார், கூலி முழுவதும் மிச்சம். ஃபோர்-ஸ்ட்ரோக் உள்ளே கெட்டால் வால்வு, கேம், செயின் என்று பெரிய வேலை, பெரிய பில். அது அபூர்வம் என்ற நம்பிக்கையில்தான் நான் பணம் போட்டிருக்கிறேன்.

மலையைப் பற்றி அடித்துப் பேச எனக்கு அனுபவம் போதாது. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இடுப்பளவுப் புதுப்பனியில் ஓட்டுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் டூ-ஸ்ட்ரோக்தான் வைத்திருக்கிறார்கள். 165 குதிரைத்திறன் 850 இ-டெக் மாதிரி சக்தி அதிகம், எடை குறைவு என்று இருந்தால்தான் சரிவில் வண்டியைச் சாய்த்துத் திருப்ப முடியும். புதையுண்ட வண்டியைக் கையால் தூக்கி வெளியே எடுக்கும் இடத்தில் இருபது கிலோ சின்ன விஷயமே இல்லை. ஏரியோரச் சேற்றுப்பனியில் என் வண்டி ஒருமுறை அமர்ந்துகொண்டபோது அந்த இருபது கிலோவின் கனத்தை முதுகில் உணர்ந்திருக்கிறேன்.

900 ஏஸிலேயே டர்போ போட்ட மாடலும் இருக்கிறது, டர்போ ஆர் என்றால் 180 குதிரைத்திறன். சக்தியில் டூ-ஸ்ட்ரோக் வைத்திருந்த பெருமையை அது பறித்துவிட்டது. டர்போ சேர்ந்த பிறகும் பழைய ஏஸின் நீண்ட ஆயுள் அப்படியே இருக்குமா என்பதைப் பொறுத்தவரை, கூட ஓட்டுபவர்களில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள், இதுவரை குறை சொன்னதில்லை. இரண்டு வண்டியை வைத்து நான் எதையும் அடித்துச் சொல்லமாட்டேன்.

பழைய யமஹா மலிவாக வந்தால் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஸ்னோமொபைல் தொழிலை விட்டு விலகுவதாக யமஹா 2023-ல் அறிவித்துவிட்டது, வட அமெரிக்காவில் 2025 மாடலோடு சரி. இன்ஜினைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பாடி பேனல், சஸ்பென்ஷன் பாகம், எலெக்ட்ரானிக் பெட்டி மாதிரியான சாமான்கள் பத்து வருஷம் கழித்து எந்த விலைக்குக் கிடைக்கும் என்பதை யோசித்து, அதற்கேற்ற மாதிரி அடித்துப் பேசி வாங்குங்கள்.