லிங்க் ராடா, லோயர் ஆர்மா, ஷாக்கா? முன்பக்க ‘டொக் டொக்’குக்கு எதை மாற்றுவது

இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘டொக்’கென்று ஒரு சத்தம். பத்து வருடம் ஓடிய சின்ன காரில் இது வந்தால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, “ஷாக் அப்சார்பர் போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்” என்பதுதான். என் காருக்கும் அப்படித்தான் மாற்றினார்கள். மறுநாள் காலை அதே தெரு, அதே பள்ளம், அதே சத்தம். கடைசியில் பார்த்தால் போனது லிங்க் ராட். ஷாக்கைவிட மிக மலிவான சாமான். கழற்றிப் போட்ட பழைய ஷாக்கில் எண்ணெய்க் கசிவுகூட இல்லை. இன்னொருவர் இப்படிப் பணத்தை விடக்கூடாது.

காசில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். டிக்கியில் ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடாமல் இருக்கின்றனவா, சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா பாருங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டும்போது சத்தம் நின்றால் பிரேக் பேடைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டக் டக் டக்’கென்று வந்தால் ஆக்சில் ஜாயின்ட். வண்டி நின்றிருக்கும்போதே, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அடி வேகமெடுத்தால் அது இன்ஜினுக்குள் இருந்து வருவது. ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் சந்தேகம் லிங்க் ராட், லோயர் ஆர்ம், ஷாக் என்ற மூன்றின் மேல்தான். ஒவ்வொன்றும் வேறு மாதிரி பேசும்.

லிங்க் ராட் என்பது, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை ஷாக்கோடு இணைக்கும் மெல்லிய கம்பி. இரண்டு சக்கரமும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்போதுதான் அந்த பாருக்கு வேலை. ஆகவே வேகத்தடையில் நேராக, இரு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது சத்தம் அடங்கியிருந்து, ஒரு பக்கம் மட்டும் குழியில் விழும்போதும், பெயர்ந்த சாலையில் மெதுவாகப் போகும்போதும் லொடலொடவென்று வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டும் நம் ஊர் வண்டிகளில், ரப்பர் உறை கிழிந்து சேறு உள்ளே போய் இது சீக்கிரம் தேய்கிறது.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை; அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்தான் புஷ். அந்த புஷ்ஷின் சத்தம் கனமானது. பிரேக் பிடிக்கும்போதோ, ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே கிளம்பும்போதோ ‘டொம்’மென்று ஒரே ஒரு அடி. ஷாக் போயிருந்தால் சத்தத்தைவிட ஆட்டம்தான் அதிகம் தெரியும்: மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி மிதந்துகொண்டே போகும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே ‘டங்’கென்றால் ஷாக்கின் மேலே இருக்கும் மவுண்ட்டைப் பாருங்கள்.

காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இரண்டு பக்க லிங்க் ராடையும் பாரிலிருந்து கழற்றி, எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய் வரச் சொல்லுங்கள். வளைவில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். சத்தம் நின்றுவிட்டால் பிரச்சினை லிங்க்கிலோ, பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷிலோ இருக்கிறது. நிறையப் பட்டறைகளில் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்கிறார்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கும்போது பார் முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்திருக்கும். தேய்மானம் கைக்குத் தெரியாது. நாலு சக்கரமும் தரையில் இருக்க, பட்டறைக் குழியின் மேலோ ரேம்ப்பிலோ நிறுத்தி ஆட்டினால்தான் தெரியும்.

பால் ஜாயின்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது, ஆர்மும் சக்கரமும் சேரும் இடமான இந்த ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

லிங்க் என்றால் ஜோடியாகப் புதிது போட்டால் வேலை முடிந்தது. லோயர் ஆர்ம் என்றால்தான் யோசிக்க வேண்டும்: புஷ் மட்டுமா, முழு ஆர்மா?

புஷ் மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் பழையதைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் ஆர்மில் புஷ் உட்காரும் கண் நெளிந்துவிடும். அழுத்தி எடுக்கும் பிரஸ் வைத்திருக்கும் லேத்துக்குத்தான் போக வேண்டும். சில புஷ்களில் வெற்றிடம் விட்ட ரப்பர் இருக்கும்; அது பழைய திசையிலேயே உட்கார வேண்டும். முழு ஆர்ம் விலை கூடுதல்தான், ஆனால் பல சின்ன கார்களில் பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் அதனுடனேயே வந்துவிடும், கூலியும் ஒரே தடவை. பால் ஜாயின்ட் இறுக்கமாக இருந்து, நல்ல பிரஸ்ஸும் பக்கத்தில் இருந்தால் புஷ் மட்டும் போடுங்கள். ஜாயின்ட்டில் கொஞ்சம் சந்தேகம் என்றாலும் முழு ஆர்ம்தான் என் தேர்வு.

சென்னையில் மூன்றாவது வழியும் உண்டு: பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஆர்ம். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் நானும் அங்கே தேடுவேன். ஆர்முக்கு வேண்டாம். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து வந்ததா என்று தெரியாது, லேசான வளைவு கண்ணில் படாது. சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

எதைப் போட்டாலும் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஓடும் நேரமெல்லாம் அந்த முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புது சாமான் போட்டும் சில மாதத்தில் சத்தம் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முதலில் கையளவு இறுக்கம், சக்கரத்தின் மேல் வண்டியின் பாரம் முழுக்க வந்த பிறகு முழு இறுக்கம். ஆர்ம் மாற்றியிருந்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். லிங்க் மட்டும் என்றால் அது தேவையில்லை.