கேப்பர் மலையிலிருந்து வீடு வரை: ஒரு உதவிச் சேவைக்கு மூன்று நட்சத்திரம்

திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன், பட்டா என்று ஊர்ப்பட்ட காகிதமும் என் மேஜைக்கு வந்துதான் போகும். அதனால் எட்டு வருஷம் கழித்து அண்ணன் கடலூர் கேப்பர் மலை சிறையிலிருந்து வந்தபோது, காகித வேலையைப் பற்றி நான் கவலையே படவில்லை. சறுக்கியது அங்கேதான்.

வெளியே வருபவர்களுக்கு உதவுகிற ஒரு சேவையில் அண்ணனைச் சேர்த்தோம். பெயர் வேண்டாம். மூன்று மாத அனுபவம் இது.

எங்களுக்கென்று வந்தவர் நல்ல மனிதர். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார், வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உள்ள என்ன வேலை பாத்தீங்க?" என்றார்.

"தையல்."

"கால் மெஷினா, பவர் மெஷினா?"

வந்த நாளிலிருந்து சுவரோரமாகவே ஒடுங்கிக் கிடந்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பவர் மெஷின்தான், சட்டை நன்றாக வரும், காலர் மடிப்பு பிசகாது, ஜாக்கெட் மட்டும் தெரியாது என்று வரிசையாகச் சொன்னார். அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பத்தே நாளில் முதுநகரில் ஒரு தையற்கடையில் பீஸ் ரேட்டுக்கு வேலை. கடைக்காரரிடம் சேவைக்காரர்கள் ஜெயிலை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஐந்தில் மூன்று நட்சத்திரம் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கடைக்காரர் கூலியை ஜிபேயில் போடுபவர். அண்ணனுடைய பழைய நம்பர் இப்போது யாரிடமோ இருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பாட்டி எடுத்துத் திட்டினார். ஆதாரில் நம்பர் மாற்ற நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், அது ஒரு காலையில் முடிந்தது. வங்கிதான் இழுத்தடித்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். மறுபடி கேஒய்சி (அடையாளச் சான்று, முகவரிச் சான்று) கொடுக்க வேண்டும். அது விதி, சரி. ஆனால் அந்தக் கிளையில் இருந்தவர், வரிசையில் பத்துப் பேர் நிற்க, "எட்டு வருஷமா எங்க சார் போனீங்க?" என்று உரக்கக் கேட்டார்.

"வெளியூர்ல இருந்தேன்" என்றார் அண்ணன். கேப்பர் மலை அங்கிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்.

சேவைக்காரர்களைக் கூப்பிட்டு, ஒருவர் கூட வரமுடியுமா, ஒரு கடிதமாவது தரமுடியுமா என்று கேட்டேன். "அது எங்க வேலையில வராதுங்க" என்றார்கள். ஒரு நட்சத்திரம் போனது இதில். விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரியும். ஆறு மாதம் முன்பே ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல் எல்லாம் பார்க்க ஆரம்பித்திருக்கலாமே? உள்ளே இருப்பவருக்கு ஓட்டு இல்லை, வெளியே வந்துவிட்டால் உண்டு. இதைக்கூட நான்தான் அண்ணனுக்குச் சொன்னேன்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2016இல் சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கென்றே ஒரு மாநிலக் குழு அமைத்தார்கள். சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அதில் இடம் உண்டு. என் அண்ணன் மாதிரி ஒருத்தர் இங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே வங்கியைப் பற்றித்தான் கேட்டிருப்பார். இன்னொரு நட்சத்திரம் அதற்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். (பாரதியார் 1918இல் கடலூர் சிறையில் இருந்ததை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். என் அண்ணனை மட்டும் வெளியூர்க்காரர் ஆக்கிவிட்டோம்.)

இந்தச் சேவைக்குப் போகிறவர்கள் பழைய பாஸ்புக், ரேஷன் அட்டை, விடுதலைச் சான்று எல்லாவற்றிலும் நான்கு நான்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். விடுதலைச் சான்றோடு என் கடைக்கு வந்தால் ஜெராக்ஸுக்குக் காசு வாங்குவதில்லை.