உப்புத்தாளுக்கு முன்னும் பின்னும்: ஒரு பிஎஸ்ஏ எம்20, ஒரு ஆர்மி புல்லட்

ராணுவத்தில் ஓடிய மோட்டார்சைக்கிள்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. பிரிட்டிஷ் பைக்கான 1943 பிஎஸ்ஏ எம்20-ஐ 2010-ல் வாங்கி, மறு வருடமே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புதுசாக்கினேன். இன்னொன்று, ஏலத்தில் போய் நாலைந்து கை மாறி 2014-ல் என்னிடம் வந்த 350 புல்லட். அதன் மேல் நான் ஒரு சொட்டு பெயிண்ட் அடித்ததில்லை. "ரீஸ்டோர் பண்ணலாமா, அப்படியே விட்டுடலாமா" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும் வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

எம்20 வந்தபோது டேங்க்கில் மேலே கறுப்பு, அதற்கடியில் மெரூன், எல்லாவற்றுக்கும் கீழே மண் கலரில் ஒரு பூச்சு. அதை பிரைமர் என்றே நினைத்தேன். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பெயிண்டரிடம் விட்டிருந்தேன். ஒரு மத்தியானம் போன் பண்ணினார். "சார், தேய்க்கத் தேய்க்க அடியில ஏதோ நம்பர் தெரியுது. சி-ன்னு ஆரம்பிக்குது. எடுத்துடவா?"

எடுத்துடுங்க என்று சொன்னது நான்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுவிட்டுத்தானே உப்புத்தாளை வைத்தார்.

பிறகு பளபளவென்று ஆலிவ் பச்சை. ராணுவம் என்றால் பச்சைதானே! இரண்டு வருடம் கழித்துப் படிக்கும்போதுதான் தெரிந்தது: 1942 முதல் 1944 வரை பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளுக்குப் பொதுவாக அடித்தது பழுப்பு நிறம், பச்சை அதற்கப்புறம்தான் வந்தது. நான் பிரைமர் என்று நினைத்து வழித்தெடுத்தது வண்டியின் முதல் பெயிண்ட். அந்த சி நம்பர், ராணுவம் அதற்குக் கொடுத்த பதிவு எண். ராணுவம் எந்தக் கொள்முதல் ஒப்பந்தத்தில் வாங்கிய வண்டி என்று தேட அது ஒரு நல்ல பிடிமானம்.

ஹேண்டில்பார் கதை இன்னும் மோசம். 1942-ல் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் பிரிட்டனுக்கு ரப்பர் தட்டுப்பாடு வந்தது. எம்20-க்கு கேன்வாஸ் சுற்றிய கைப்பிடியும் ரப்பர் இல்லாத வெறும் இரும்பு ஃபுட்ரெஸ்ட்டும் போட்டார்கள். என் வண்டியின் இடது பக்கம் கந்தலாகத் தொங்கிய துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, கறுகறுவென்று புது ரப்பர் கிரிப் மாட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

போதாக்குறைக்கு, பச்சை சட்டப்படியும் தப்பு. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. மறுபடி செலவு செய்து பழுப்புக்கு மாற்றினேன். இப்போது நிறம் சரி, ஆனால் அது என் பெயிண்ட்.

இன்ஜின் வேலைக்கு மட்டும் வருத்தமே இல்லை. 496 சிசி சைடு வால்வ், கம்ப்ரஷன் குறைவு, மட்டமான பெட்ரோலையும் குடித்துவிட்டு ஓடும். ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைவது), தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு ரீவைண்டிங் இரண்டும் செய்யாமல் அது கிளம்பியே இருக்காது. ஒரு குணம் மட்டும் மாறவில்லை: இரண்டு வாரம் சும்மா நிறுத்தினால் ஆயில் டேங்க்கில் இருக்கும் ஆயில் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். கிக்கரை உதைத்தால் தெருவே புகை. கொசு மருந்து வண்டி என்று எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திவிடுவார்.

புல்லட் நம்ம திருவொற்றியூர்ப் பிள்ளை. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதற்கு, ராணுவம் கேட்ட 350 புல்லட் முக்கியக் காரணம். யாரோ அடித்த கறுப்பு உதிர்ந்த இடங்களில் பச்சை எட்டிப் பார்க்கிறது. முன் மட்கார்டில் மேல்நோக்கிய அம்புக்குறி பாதியும், பக்கத்தில் ஒரு 6-ம் தெரிகின்றன. நம் ராணுவ வண்டி நம்பரில் அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கம் வண்டி படைக்கு வந்த வருடம். இரண்டாவது இலக்கம் கறுப்புக்கு அடியில் இருக்கிறது. சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பத்து வருடமாக அடக்கி வைத்திருக்கிறேன்.

அப்படியே விடுவது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். வீடு திருவான்மியூர், உப்புக்காற்று. மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து, மழைக்கு முன் மெழுகு பூச வேண்டும். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வியர்த்துத் துரு ஏறும். பழைய வேட்டிதான் நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதால், நிறுத்தும்போது டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவேன். டயர், பிரேக் ஷூ, கேபிள், ஒயரிங் எல்லாம் தயங்காமல் மாற்றினேன். கழற்றியவை பெயர் எழுதிய டப்பாக்களில் பரண் மேல் இருக்கின்றன.

சேசிஸையே துரு தின்றுவிட்டது, அல்லது வண்டி கோணிப்பையில் பாகம் பாகமாக வந்தது என்றால் முழுசாக ரீஸ்டோர் செய்யுங்கள், வேறு வழியில்லை. ஆனால் 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதியும் 50 வருடத்துக்கு மேலான வண்டி பெரிய மாற்றமில்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். தினசரி ஓட்ட அனுமதி கிடையாது.

எம்20-யின் டூல்பாக்ஸ் மூடிக்கு உட்பக்கம் மட்டும் பெயிண்டர் கை வைக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு அந்த மண் கலர் அப்படியே இருக்கிறது. வண்டி பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் திறந்து காட்டுகிறேன்.