ஓல்ட் பெய்லி ஆன்லைன்: லண்டன் பெட்டி கேஸ்களைத் தேடுபவர்களுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஒரு பையன் அடுத்தவர் கோட்டுப் பையிலிருந்து பட்டுக் கைக்குட்டையை உருவி மாட்டிக்கொண்டால் அவனுக்கு என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியோடுதான் ஓல்ட் பெய்லி ஆன்லைன் தளத்தைத் திறந்தேன். மூன்று மாதம் ஆகிறது. தினமும் ராத்திரி தூங்குவதற்கு முன் இரண்டு மூன்று வழக்காவது படிக்காமல் இருக்க முடியவில்லை. சரித்திரத்தில் ஆர்வம் உள்ள யாரும் இதைத் தவறவிடக் கூடாது. ஆனால் உள்ளே போவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாமல் நான் முதல் சில வாரம் தப்பான முடிவுகளுக்கு வந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தளம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளைப் பற்றி அந்தக் காலத்திலேயே அச்சிட்டு வெளியிட்ட அறிக்கைகள், 1674 முதல் 1913 வரை, மொத்தம் 1,97,745 வழக்குகள். அத்தனையையும் சொல் சொல்லாகத் தேடும்படி ஏற்றியிருக்கிறார்கள். முதல் பகுதி 2003-இல் வந்தது, 1913 வரையிலான மீதி 2008-இல் வந்து சேர்ந்தது. பின்னால் இருப்பவர்கள் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர்கள். காசு கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்வதும் கிடையாது. 1834 வரையிலான பகுதியை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை திருத்தியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அச்சிட்ட பக்கத்தின் படத்தையே திறந்து பார்த்துக்கொள்ளலாம், இந்த வசதிக்காகவே கையெடுத்துக் கும்பிடலாம்.

தேடுவது சுலபம். ஒரு சொல்லைப் போட்டுத் தேடலாம், அல்லது குற்ற வகை, தீர்ப்பு, தண்டனை, வருடம் என்று வடிகட்டலாம். ஆரம்பத்தில் நான் செய்த தப்பு, பெரிய குற்றங்களாகப் பார்த்துத் தேடியது. கொலை வழக்குகளில் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். உயிருள்ள பேச்சு இருப்பது சின்னத் திருட்டுகளில்தான்.

வாடகை அறைத் திருட்டு வழக்குகளைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஏழைகள் சாமான்களோடு அறையை வார வாடகைக்கு எடுப்பார்கள். கட்டில், போர்வை, படுக்கை விரிப்பு, தலையணை, ஒரு துணி தேய்க்கும் இரும்பு, ஒரு கெட்டில், எல்லாம் வீட்டுக்காரருடையது. வேலை இல்லாத வாரத்தில் முதலில் போவது விரிப்பு, அடகுக் கடைக்கு. அடுத்த வாரம் போர்வை. அப்புறம் அந்த இரும்பு. வீட்டுக்காரி ஒரு நாள் அறைக்குள் வந்து பார்க்கும்போது வெறும் கட்டில் நிற்கும். வழக்கில் வீட்டுக்காரி ஒவ்வொரு பொருளையும் விலையோடு சொல்வாள், கான்ஸ்டபிள் அறையில் குடியிருந்த பெண்ணிடம் இருந்து எடுத்த அடகுச் சீட்டுகளைக் காட்டுவார், அடகுக் கடை ஆள் விரிப்பைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்து "இது என்னிடம் அடகு வைத்தது" என்பான். கடைசியில் அந்தப் பெண் சொல்வது ஏறக்குறைய எல்லா வழக்கிலும் ஒன்றுதான்: மீட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு இதில் பாதிப் பேர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. திங்கட்கிழமை அடகு வைத்து சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்பது அந்தத் தெருக்களில் வாராவாரம் நடந்த விஷயம், அடுத்தவர் விரிப்பாக இருந்தால் அது திருட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மாதிரிப் பத்து வழக்கைப் படித்தால் ஒரு அறையில் என்னென்ன இருந்தது, எது எத்தனை ஷில்லிங், அடகுக் கடை எத்தனை தெரு தள்ளி இருந்தது என்றெல்லாம் தெரிந்துவிடும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தளத்திலேயே பணம், தண்டனை, நீதிமன்ற நடைமுறை பற்றியெல்லாம் விளக்கப் பக்கங்கள் இருக்கின்றன, அவை உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டவை.

பொருளின் விலையைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பழைய சட்டத்தில் உயிர் போவதும் தப்பிப்பதும் விலையில்தான் இருந்தது. வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புக்குத் திருடினால் தூக்கு. அதனால் ஜூரிகள் தெரிந்தே 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பொருளின் உண்மை விலை அதற்கு மேல் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜேப்படிக்கும் 1808 வரை அப்படித்தான், ஒரு ஷில்லிங்குக்கு மேல் போனால் மரண தண்டனை. அது போன பிறகு வந்தது நாடு கடத்தல், அதாவது கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது. நான் தேடிப் போன கைக்குட்டைப் பையன்களுக்கு 1820-களிலும் 1830-களிலும் கிடைத்தது பெரும்பாலும் அதுதான். பெயர், வயது 14, ஏழு வருடம் நாடு கடத்தல், முடிந்தது. சில பக்கங்களில் மொத்த வழக்கும் பத்து வரி கூட இருக்காது.

சரி, இப்போது நான் சொன்ன அந்த முக்கியமான விஷயம்.

1840-களின் பக்கங்களில் எங்கே பார்த்தாலும் சில்லறைத் திருட்டு. 1860-களுக்கு வந்தால் அவை சட்டென்று மெலிந்துவிடுகின்றன. லண்டன் திருந்திவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். திருந்தவில்லை, வழக்குகள் இடம் மாறிவிட்டன. 1847-இல் ஒரு சட்டம் வந்தது: 14 வயதுக்குட்பட்டவர்கள் செய்யும் சாதாரணத் திருட்டை ஜூரி இல்லாமல் மாஜிஸ்திரேட்டே விசாரித்து முடிக்கலாம், அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது அபராதம், பையன்களுக்குப் பிரம்படியும் உண்டு. 1850-இல் அந்த வயது 16 ஆனது. 1855-இல் பெரியவர்களுக்கும் வந்தது, திருடிய பொருள் 5 ஷில்லிங்குக்கு மேல் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரும் சம்மதிக்கிறார் என்றால் மாஜிஸ்திரேட் அங்கேயே தீர்த்துவிடலாம். 1879-இல் அந்த வரம்பு 40 ஷில்லிங் ஆனது. ஒவ்வொரு சட்டம் வரும்போதும் ஒரு பெரிய கூட்டம் ஓல்ட் பெய்லி ஆவணத்தை விட்டு வெளியேறி போலீஸ் கோர்ட்டுக்குப் போய்விடுகிறது. இந்தத் தளத்தின் எண்ணிக்கைப் பட்டியல்களை வைத்து "குற்றம் குறைந்தது" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

போலீஸ் கோர்ட் என்றால் போ ஸ்ட்ரீட், மார்ல்பரோ ஸ்ட்ரீட், வொர்ஷிப் ஸ்ட்ரீட் மாதிரியானவை. 1792 சட்டம் ஏழு அலுவலகங்களைத் தொடங்கி, ஒவ்வொன்றிலும் வருடம் 400 பவுண்டு சம்பளத்தில் மூன்று மாஜிஸ்திரேட்டுகளை உட்கார வைத்தது, போ ஸ்ட்ரீட் அதற்கு முன்பிருந்தே இருந்தது. நகரத்தின் பழைய மையப் பகுதியில் மட்டும் லார்டு மேயரும் ஆல்டர்மேன்கள் என்ற மூத்த நகராட்சி உறுப்பினர்களும் மேன்ஷன் ஹவுஸிலும் கில்டு ஹாலிலும் உட்கார்ந்து விசாரித்தார்கள். சனிக்கிழமை ராத்திரிக் குடிகாரர்கள் எல்லாம் திங்கட்கிழமை காலையில் வரிசையாக நிற்பார்கள், ஒரு கேஸுக்குச் சில நிமிடம். 1839 மாநகரப் போலீஸ் சட்டத்தின் 54, 60-வது பிரிவுகளைப் படித்தால் அந்த வரிசையில் யார் யார் நின்றிருப்பார்கள் என்று புரியும்: தெருவில் அடுத்தவருக்குத் தொந்தரவாகப் பட்டம் விட்டவர், உறைபனியில் சறுக்கு விளையாடியவர், காரணமில்லாமல் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடியவர், தெருவில் கம்பளத்தை உதறியவர் (கதவடி மிதியடிக்கு மட்டும் காலை எட்டு மணி வரை அனுமதி). அபராதம் 40 ஷில்லிங் வரை. ஒரு கூலித் தொழிலாளிக்கு அது இரண்டு வாரக் கூலி. கட்ட முடியாவிட்டால் சிறை. 1824-இன் நாடோடிகள் சட்டம் இதை விடக் கடுமையானது, திருடன் என்று பெயர் வாங்கிய ஒருவர் திருடும் எண்ணத்தோடு தெருவில் சுற்றியதாக மாஜிஸ்திரேட் நம்பினாலே மூன்று மாதம் கடுங்காவல் கொடுக்கலாம், எதையும் எடுத்திருக்கக்கூட வேண்டாம். இந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்கு மனசு கனத்துப்போனது.

அதே கோர்ட்டுக்குத்தான் புருஷனிடம் அடி வாங்கிய பெண்களும் வந்தார்கள். 1853 முதல் அந்த மாதிரிக் கடும் தாக்குதலுக்கு மாஜிஸ்திரேட்டே ஆறு மாதம் சிறை போட முடிந்தது, 1878 முதல் தண்டனை பெற்றவனிடமிருந்து பிரிந்து வாழ உத்தரவும் ஜீவனாம்சமும் தர முடிந்தது. கோர்ட்டில் ஏழைகளுக்கென்று ஒரு உண்டியல் இருந்தது, அதிலிருந்து மாஜிஸ்திரேட் சில ஷில்லிங் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. தண்டிக்கிற இடத்துக்கே உதவி கேட்டும் போனார்கள். இதில் எதுவும் ஓல்ட் பெய்லி ஆன்லைனில் நேரடியாகக் கிடைக்காது. செய்தித்தாள்களின் போலீஸ் பத்திகளில்தான் கிடைக்கும், பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் மாதிரித் தளங்களில், அங்கே சந்தா கட்ட வேண்டும்.

ஆனாலும் ஓரங்களில் பிடிக்கலாம். சாட்சி சொல்லும் கான்ஸ்டபிள் "இவரை வொர்ஷிப் ஸ்ட்ரீட்டுக்குக் கொண்டுபோனேன்" என்பார், மாஜிஸ்திரேட் முன்னால் கைதி சொன்ன வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவார்கள். அந்த ஒரு வரியை மட்டும் தேடித் தேடிப் படியுங்கள்.

இன்னொரு வழி, கள்ளக் காசு வழக்குகள். இவை மாஜிஸ்திரேட் கையில் முடியவில்லை, ஜூரி முன்னால்தான் வர வேண்டியிருந்தது, அதனால் 1860-களிலும் 70-களிலும் இந்த ஆவணத்தில் சில்லறைக் குற்றம் உயிரோடு இருப்பது இங்கேதான். ஒரு பெண் மதுக்கடைக்கு வந்து ஒரு கிளாஸ் பியர் கேட்பாள், ஒரு ஷில்லிங் நீட்டுவாள். கடைப்பெண் அதை வாங்கிப் பல்லில் கடித்துப் பார்ப்பாள், அல்லது வளைத்துப் பார்ப்பாள், வளைந்துவிடும். அதற்குள் மீதிச் சில்லறை போயிருந்தால் பாதிப் பியரோடு அந்தப் பெண்ணும் போயிருப்பாள். கடைசிச் சாட்சியாக நாணயச் சாலையின் பரிசோதகர் வந்து, இது கள்ளக் காசு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார். ஒரு கடைக்குள் எத்தனை பேர் நின்றார்கள், விளக்கு எங்கே இருந்தது, காசை எந்த டிராயரில் போட்டார்கள் என்று எல்லாம் இந்த வழக்குகளில் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காசு மற்ற காசோடு கலக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

இனி குறைகள், அல்லது எச்சரிக்கைகள். ஆவணமே முழுசு கிடையாது. கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் சேர்த்து ஒரே பேச்சாக அச்சிட்டார்கள், வக்கீல் வாதம் பெரும்பாலும் இருக்காது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரே வரி. பாலியல் வழக்குகளில் சாட்சியத்தை வெளியிடத் தகாது என்று விட்டுவிட்டார்கள். மொழி பழைய சட்ட ஆங்கிலம், முதல் வாரம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பழகிவிடும். போனில் படிப்பதை விடக் கணினியில் படிப்பது நல்லது.

கூடவே டிஜிட்டல் பனாப்டிகான் தளத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், 2017-இல் வந்தது, அதுவும் இலவசம். லண்டனில் தண்டிக்கப்பட்ட 90,000 பேரின் வாழ்க்கையை வெவ்வேறு ஆவணங்களில் இருந்து இணைத்திருக்கிறார்கள். ஓல்ட் பெய்லியில் "ஏழு வருடம்" என்று முடிந்துபோன பையனை இங்கே தேடினால் சிலருக்கு ஏறிய கப்பலின் பெயர் கிடைக்கும், உயரம் கிடைக்கும், கையில் பச்சை குத்தியிருந்த எழுத்து என்ன என்பது கூடக் கிடைக்கும். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, வயதையும் தண்டனைத் தேதியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் நிறையப் பேர்.

புதிதாக நுழைபவர்களுக்கு நான் சொல்லும் வழி: வருடத்தை 1835-லிருந்து 1845 வரை வையுங்கள், வாடகை அறைத் திருட்டு வழக்குகளைத் தேடுங்கள், தீர்ப்பைப் பார்க்காமல் முதலில் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். விரிப்பு, போர்வை, தலையணை, தேய்க்கும் இரும்பு. அப்புறம் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பாருங்கள்.