தடைக்காலத்தில் கிரெடிட் கார்டு விற்க வருகிறவர்கள்: மண்டபம், பாம்பன் பக்கத்தினர் கவனத்துக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வருமானம் இருக்காது. ஆனால் படகைப் பழுது பார்ப்பதும் வலை வாங்குவதும் அப்போதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் நம் பக்கம் கிரெடிட் கார்டு விற்க ஆள் வருகிறார்கள்.

என்னிடம் வந்தவர் நன்றாகப் பேசினார். “அண்ணே, ஆயுளுக்கும் கட்டணம் கிடையாது. வலை, கயிறு, எஞ்சின் சாமான் எல்லாம் இதிலேயே வாங்குங்கள். செலவுக்குச் சேருகிற பரிசுப் புள்ளியில் ஒரு செல்போன் எடுத்துவிடலாம். பில் வந்தால் குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும், மிச்சத்தைத் தொழிலுக்குப் போய்வந்து கட்டுங்கள்.” வட்டி எவ்வளவு என்று கேட்டேன். “50 நாள் வட்டியே இல்லை” என்றார்.

40,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினேன். அவர் சொன்னபடி குறைந்தபட்சத் தொகை 2,000 கட்டினேன். அடுத்த பில்லில் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஏறியிருந்தது. மாதம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 1,650 ரூபாய்க்கு மேல்! கட்டுகிற 2,000-இல் அசலுக்குப் போவது 350 கூட இல்லை. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு மட்டும்தான் அந்த வட்டியில்லாச் சலுகை. பாக்கி நிற்கும்போது மளிகைக்குக் கார்டைத் தேய்த்தால் அதற்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

செல்போன் கதைக்கு வருவோம். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஆக 400 புள்ளி. ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. மொத்தம் 100 ரூபாய். அதை எடுக்க 99 ரூபாய் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 117. என் பரிசை வாங்க நானே 17 ரூபாய் போட வேண்டும். டீசலுக்குப் புள்ளியே கிடையாது. நம் செலவில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

இத்தோடு விடவில்லை. ஆண்டுக் கட்டணமும், நான் கேட்காத ‘கார்டு பாதுகாப்புத் திட்டம்’ ஒன்றும் பில்லில் ஏறியிருந்தன. வங்கியில் கேட்டால், முகவர் வாய்மொழியாகச் சொன்னதற்குப் பொறுப்பில்லை என்றார்கள். தன் முகவரின் செயலுக்கு வங்கிதான் பொறுப்பு என்பதே ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. எழுத்தில் புகார் கொடுத்தேன். 30 நாளாகியும் சரியான பதில் இல்லை. ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போன பிறகு அந்த இரண்டு கட்டணமும் திரும்பின. வட்டி போனது போனதுதான். ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் புகார் செய்யும் முறையைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பாக்கியை அடைத்துவிட்டு கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும்.

விண்ணப்பத்தோடு வட்டியும் கட்டணங்களும் அச்சிட்ட ஒரு பக்கத் தாள் தரவேண்டும் என்பது 2022 முதல் விதி. எனக்கு அது தரப்படவில்லை. உங்களிடம் வருகிறவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். “பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்” என்றால் கையெழுத்துப் போடாதீர்கள், ஓடிபியும் சொல்லாதீர்கள்.