குறிப்பேட்டில் இடமில்லாத இதயக் குறி

இந்த முறை விடுமுறைக்குச் சென்றபோது, மாதந்தோறும் ரத்த அழுத்தம் பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு அம்மாவுடன் நானும் போனேன். வரிசை விரைவாக நகர்ந்தது. மாத்திரைகளும் குறையின்றிக் கிடைத்தன. பக்கவாதத்துக்கு முதன்மைக் காரணம் உயர் ரத்த அழுத்தமே என்பதால், இந்த ஒரு சேவை ஒழுங்காக நடப்பதே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றியது.

கருவியின் திரையில் 138/84 என்ற எண்களுக்குக் கீழே சிறிய இதயக் குறி ஒன்று மினுங்கியது. என்னவென்று கேட்டேன். "அது எப்பவும் வரும் தம்பி, மெஷின் பழசு" என்றார் செவிலியர். தேதி, மேல் அளவு, கீழ் அளவு என்று மூன்றே கட்டங்கள் கொண்ட குறிப்பேட்டில் அதை எழுத இடமும் இல்லை. நாடித் துடிப்பு சீராக இல்லை என்பதைத்தான் பல கருவிகள் அப்படிக் காட்டுகின்றன; கை அசைந்தாலும் குறி வரலாம் என்பதால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். முகம் சுளிக்காமல் எண்ணத் தொடங்கியவரின் புருவம் பாதியிலேயே சுருங்கியது.

மறுநாள் மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' உறுதியானது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக் குழாயைப் போய் அடைக்கக்கூடும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு. அம்மாவோ ஒரு நாளும் படபடப்பு என்று சொன்னதில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை இந்த அபாயத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கும் என்றும், ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் வால்வுச் சுருக்கம் இல்லையென்று தெரிந்ததால் புதிய வகை மாத்திரையே போதுமானதாயிற்று. பழைய வகையான வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மருத்துவமனை வாசலில், முகம் கோணினாலோ கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே வரவேண்டும், அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். தேவையான பலகைதான். ஆனால் அந்த வாசலுக்கு வரும் நிலையே நேராமல் தடுக்கக்கூடிய தகவல், எத்தனை மாதங்களாகவோ அம்மாவின் கைக்கருகிலேயே மினுங்கி அணைந்திருக்கிறது.

புறப்படுவதற்கு முன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அழுத்த அளவுக்குப் பக்கத்தில், ஓரத்து வெற்றிடத்தில், 'நாடி சீரில்லை' என்று செவிலியர் பேனாவால் எழுதியிருந்தார்.