மட்டக்களப்பில் வாங்கிய மூலக்கூறு மாதிரியுருப் பெட்டி

தரம் 10, 11 மாணவர்களுக்கு நான் நடத்தும் சிறிய விஞ்ஞான வகுப்புக்காக, மட்டக்களப்பு நகரிலுள்ள புத்தகக் கடையொன்றில் பந்து-கோல் மாதிரியுருப் பெட்டியொன்றை வாங்கி, ஒரு தவணை முழுவதும் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். காபனுக்குக் கறுப்பு, ஐதரசனுக்கு வெள்ளை, ஒட்சிசனுக்குச் சிவப்பு என வழக்கமான நிறங்களிலேயே அணுக்களைக் குறிக்கும் பந்துகள் இருக்கின்றன; கோல்கள் அவற்றுக்கிடையேயான பிணைப்புகளைக் குறிக்கின்றன.

அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்கீட்டுவலுப் பிணைப்பைக் கற்பிக்க இது மிகவும் நல்ல துணை. கரும்பலகையில் சிலுவை போல வரையப்பட்ட மெதேனைப் பார்த்துப் பழகிய பிள்ளை, தன் கையால் நான்கு ஐதரசன்களையும் செருகியதும், கோணம் 90 பாகையன்று, 109.5 பாகை என்பதைக் கண்டுகொள்கிறது. நீர் மூலக்கூறு 104.5 பாகையில் வளைந்திருப்பது தெரிந்துவிட்டால், அது ஏன் முனைவுள்ளது (ஒரு பக்கம் சிறிது நேரேற்றமும் மறுபக்கம் சிறிது மறையேற்றமும் கொண்டது) என்பதை விளக்குவதும் இலகு. ஆனால் நீர் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இழுத்துவைக்கும் ஐதரசன் பிணைப்பைக் காட்டப் பெட்டியில் எதுவுமில்லை. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்க, அதையொத்த ஐதரசன் சல்பைட்டு பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 60 பாகையிலேயே கொதித்துவிடுவதற்குக் காரணம் அந்தப் பிணைப்பே. ஆகவே தையல் நூலால் மூலக்கூறுகளைக் கட்டிச் சமாளித்தேன். கொதிக்கும்போது அறுவது நூல்தான், கோல் அன்று என்பதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அந்த நூல் பெட்டியோடு வந்திருக்கலாம்.

வைரத்தின் ஒரு துண்டைக் கட்டியெழுப்பலாம். பென்சிலில் உள்ள காபன் வடிவமான காரீயம் சரிவரவில்லை. எல்லாக் காபன் பந்துகளிலும் நான்கு துளைகளே இருப்பதால், தட்டையாக இருக்கவேண்டிய படலம் நெளிந்துவிடுகிறது. படலங்கள் ஒன்றன்மேலொன்று வழுக்குவதால்தான் பென்சில் எழுதுகிறது என்பதை இதை வைத்துக் காட்ட முடியாது.

பெரிய குறை கையேட்டில் இருக்கிறது. ஒரு சோடியப் பந்தையும் ஒரு குளோரீன் பந்தையும் ஒரே கோலால் இணைத்து, அதைச் சோடியங் குளோரைட்டு மூலக்கூறு என்று போட்டிருக்கிறார்கள். உப்பில் அப்படியொரு மூலக்கூறே கிடையாது. ஒவ்வோர் அயனையும் (ஏற்றம் பெற்ற அணுவையும்) எதிரேற்றமுள்ள ஆறு அயன்கள் சூழ்ந்திருக்கும் சாலகம், அதாவது ஒழுங்கான முப்பரிமாண அடுக்கு, அது. 801 பாகை செல்சியசு வரை உருகாமல் நிற்பதும், திண்மமாக மின்னைக் கடத்தாமல் உருகிய பின்னரோ நீரில் கரைந்த பின்னரோ கடத்துவதும் அந்த அமைப்பினாலேயே. உலோகப் பிணைப்பையோ பெட்டி தொடவே இல்லை. ஓடித்திரியும் இலத்திரன்களுக்குக் கோல் போட முடியாது என்பதால் அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. கல்லுப்புப் பரலொன்றையும் செப்புக் கம்பித் துண்டொன்றையும் சுத்தியலால் தட்டிக் காட்டினேன். உப்பு நொறுங்கியது, செம்பு தட்டையானது. ஏற்றமுள்ள அடுக்குகள் நகர்ந்து ஒத்த ஏற்றங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று தள்ளி உப்பு உடைந்துவிடாதா என்ற கேள்வி வகுப்பிலிருந்தே வந்தது.

பங்கீட்டுவலுப் பகுதிக்காக மட்டும் வாங்குவதாயின் தயங்க வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு ஒரு பெட்டி வேண்டும். இரட்டைப் பிணைப்புக்கான வளையும் கோல்கள் ஒரு தவணைக்குள்ளேயே தளர்ந்துவிட்டன. அவற்றைத் தனியாக விற்பதில்லை என்று கடையில் சொன்னார்கள்.